மாலை கழற்றிய மறுநாள்

வாசகர் கேள்வி – பதில்

வேலையிடத்தையும் வழிபாட்டையும் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கோவைப் பஞ்சாலை ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: பட்டறை ஒன்றில் இரும்பு கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். வருடா வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுவிடுவேன். அந்த 41 நாளும் வேலைக்குப் போகவே பிடிக்கும். சூப்பர்வைசர்கூட ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. பட்டறையில் திட்டு, சாயங்காலம் குடி, காலையில் எழுந்தால் வேலைக்குப் போக மனசே வருவதில்லை. ஐயப்பன் 41 நாளைக்கு மட்டும்தான் துணையா?
– கோவை, கணபதி பகுதி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் பக்தியில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அந்த 41 நாளில் உங்களைச் சுற்றி என்னென்ன மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்பதால் நேரத்தோடு படுத்துவிடுகிறீர்கள். சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் கால் போகாது. அதற்குப் பதில் யாராவது ஒரு சாமி வீட்டில் பஜனை இருக்கும். சரணம் சொல்லித் தொண்டை கட்டிப்போகும், அப்புறம் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பாடு. ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் குருசாமி போன் செய்து, “ஏன் சாமி, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்பார். வீட்டில் உங்கள் மனைவி அடுப்படி முதல் சுத்தம் பார்த்துச் சமைத்து, உங்களோடு சேர்ந்து பாதி விரதம் இருக்கிறார். பட்டறையிலும் மரியாதை. இதில் சாமி செய்தது எவ்வளவு, மனிதர்கள் செய்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட நான் வரவில்லை. அந்த மனிதர்கள் வழியாகத்தான் ஐயப்பன் வந்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டேன். ஆனால் மாலையைக் கழற்றும்போது அந்த மனிதர்களையும் சேர்த்தே விட்டுவிடுகிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை.

எங்கள் மில்லில் இரண்டு ஐயப்பன் குழுக்கள் இருந்தன. ஒன்று நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியில். அதன் குருசாமி ஒரு சைடர், அந்த மெஷினை ஓட்டுபவர். பதினெட்டாம் வருடம் தென்னம்பிள்ளை சுமந்து மலையேறியவர். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. பஸ் முன்பணம், நெய், தேங்காய், அன்னதான அரிசி என்று எல்லாக் கணக்கும் அதில் இருக்கும். மலையிலிருந்து திரும்பியதும் அந்த நோட்டை அவர் மூடவில்லை. மாதப் பிறப்புக்குச் சபரிமலையில் நடை திறக்கும் அல்லவா? அந்த நாட்களில் குழு அவர் வீட்டில் கூடும். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். ஒருவருடைய மனைவிக்குப் பெரிய ஆபரேஷன் என்று வந்தபோது, ஷிப்டை மாற்றிக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனவர்கள் இவர்கள்தான். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் தப்பித்த குடும்பங்கள் அந்தக் குழுவில் உண்டு. இன்னொரு குழு பஸ் பிடிப்பதற்காக மட்டும் சேர்ந்தது. பக்தியில் அவர்களும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் மகரஜோதி முடிந்தால் ஒருவர் முகம் ஒருவருக்கு அடுத்த கார்த்திகையில்தான். “இந்த வேலையே வேண்டாம், கணக்கை முடித்துக் கொடுங்கள்” என்று என் மேஜைக்கு வந்து நின்றவர்களில் முதல் குழுவின் ஆட்களைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர்களுக்கும் அதே பஞ்சுத் தூசிதான், அதே கூலிதான்.

இதே விஷயத்தை அமெரிக்காவில் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சேயூன் லிம், ராபர்ட் பட்னம் என்ற இருவரின் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. வாரம் தவறாமல் வழிபாட்டுக்குப் போய், அந்தச் சபையிலேயே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களும் உள்ளவர்களில் 33 சதவீதம் பேர், வாழ்க்கையில் முழுத் திருப்தி என்று பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார்கள். வாரம் தவறாமல் போயும் அங்கே ஒரு நண்பர்கூட இல்லாதவர்களில் 19 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். வழிபாட்டுக்கே போகாதவர்களின் கணக்கும் ஏறக்குறைய அதே 19 சதவீதம். அவர்கள் கேட்டது மொத்த வாழ்க்கையைப் பற்றி, வேலையைப் பற்றி மட்டும் அல்ல. ஆனாலும் வீட்டில் பேச ஆளில்லாதவன் பட்டறையில் எப்படி நிற்பான் என்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் குருசாமியிடம் போய், மாதம் ஒரு பஜனை வைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். முதல் பஜனையை உங்கள் வீட்டில் வையுங்கள்.

அடுத்து உங்கள் சூப்பர்வைசர். மெஷினும் டார்கெட்டும் மாறவில்லை, ரிஜெக்ஷனும் குறைந்திருக்காது. அப்படியிருந்தும் 41 நாள் அவரால் ஒழுங்காகப் பேச முடிந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாக நிற்கும்போது சொல்லுங்கள்: “சார், மாலை போட்டிருந்தப்போ நீங்க சொன்ன வேலை எதுலயாவது குறை வெச்சேனா? இப்பவும் அதே மாதிரி சொல்லுங்க, செய்யறேன்.” கோபமில்லாமல் சொன்னால் பெரும்பாலும் காதில் விழும். விழவில்லையென்றால் அதற்கு மேல் இருப்பவரிடம் எழுத்தில் கொடுங்கள். மரியாதையான பேச்சு விரதக்காரருக்கு மட்டும் உரிய சலுகை அல்ல.

குடியைப் பற்றி. 41 நாள் தொடாமல் இருக்க முடிகிறது என்பதால், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடக் குடி உள்ளவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். இந்தத் தடவை மாலை போடுமுன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். கழற்றிய பிறகு போய் உட்கார ஓரிடம் வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் கிடையாது. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது அது. தங்களைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் ஒப்படைப்பது அவர்கள் முறையில் உண்டு. அந்தச் சக்தி எது என்பது அவரவர் விருப்பம். உங்களுக்கு அது ஐயப்பனாக இருக்கட்டும்.

சொல்ல மறந்துவிடுவேன்: விரதம் என்று வெறுங்காலோடு மெஷின் முன்னால் நிற்காதீர்கள். இரும்புச் சுருள் பாதத்தைக் கிழித்துவிடும். பட்டறைக்குள் மட்டும் சேஃப்டி ஷூ போட்டுக்கொள்ள எந்தக் குருசாமியும் தடை சொல்லி நான் கேட்டதில்லை.

கேள்வி: என் ஊர் நாகர்கோவில் பக்கம். சென்னையில் 150 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், “நர்சிங் தேவனுக்குச் செய்யும் ஊழியம், காசு பார்க்கலாமா?” என்கிறார்கள். எனக்கும் அது ஊழியம்தான். நோயாளி நன்றாகி வீட்டுக்குப் போகும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆனால் மாதக் கடைசியில் அழுகை வருகிறது. திருப்தி இல்லாமல் இருப்பது என் விசுவாசக் குறைவா? நைட் டியூட்டியால் சர்ச்சுக்கும் சரியாகப் போக முடிவதில்லை.
– சென்னை வாசகி

பதில்: இல்லை கண்ணு, விசுவாசக் குறைவு இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படித்து முடித்ததும் வந்த கோபம் உங்கள் மேல் அல்ல.

வேலையை அழைப்பாக நினைப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் மிருகக்காட்சிசாலைகளில் விலங்குகளைப் பராமரிப்பவர்கள்தான் அவர்கள் பேசிய ஆட்கள். 2009-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. படித்தவர்கள், குறைந்த சம்பளம், சாணம் அள்ளும் வேலை. ஆனாலும் இதற்காகவே பிறந்தோம் என்று சொல்கிறார்கள். அப்படி நினைப்பவர்களுக்கு வேலையில் அர்த்தம் அதிகம் கிடைத்தது. அதே ஆட்கள்தான் சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் சுகத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். நிர்வாகம் தங்கள் ஈடுபாட்டைப் பயன்படுத்திக்கொள்கிறதோ என்று சந்தேகப்பட்டவர்களும் அவர்களே. உங்கள் நிலைமையும் அதுதான். சந்தோஷமும் உண்மை, மாதக் கடைசி அழுகையும் உண்மை. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது.

ஊழியம் என்ற பேச்சை அவர்கள் எடுத்தால், வேதத்திலிருந்தே பதில் இருக்கிறது. வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்று இயேசு சொன்னதை லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். அதைச் சொன்னதும் ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட சீடர்களிடம்தான். 1891-ல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர்களைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். தொழிலாளியும் முதலாளியும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும் என்றார். நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் இந்த நியாயம் பொது.

சட்டத்தின் பக்கம் வருவோம். தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலை பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் கீழ் இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. குழு சொன்னது இவ்வளவுதான். இது பரிந்துரை, செயல்படுத்துவது மாநிலங்களின் கையில். கேரளத்தில் செவிலியர்கள் விடாமல் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயை அடிப்படையாக வைத்து அரசாணை வாங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஜெபமாலையை யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் விசுவாசம் அதனால் கரைந்துவிடவில்லை. உங்கள் மருத்துவமனையின் 150 படுக்கைக்குக் கணக்கு என்ன என்று தாளில் போட்டு, நாலைந்து சிஸ்டர்களாகச் சேர்ந்து நர்சிங் சூப்பரின்டென்டெண்டிடம் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. ‘விசுவாசக் குறைவா’ என்று உங்களையே கேட்டுக்கொள்கிறீர்களே, அந்த எண்ணத்தைப் பிடித்துவைக்காதீர்கள். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர், துன்பத்தில் மனிதர்கள் கடவுளை எப்படிப் பற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர். கடவுள் என்னோடு இருக்கிறார் என்று நினைப்பவர்களுக்கு மனம் லேசாகிறது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நினைப்பவர்களுக்கு அந்த நம்பிக்கையே பாரத்தைக் கூட்டுகிறது. சம்பளம் போதாததைப் பாவக் கணக்கில் எழுதினால் இரண்டாவது வழியில்தான் போய் நிற்பீர்கள்.

சர்ச்சைப் பற்றி. ஞாயிறு காலை ஆராதனை கிடைக்காவிட்டால் மாலை ஆராதனையோ வாரநாள் ஜெபக்கூட்டமோ பாருங்கள். நர்சஸ் ஹாஸ்டலிலேயே நாலு பெண்கள் டியூட்டிக்குப் போகுமுன் சேர்ந்து ஜெபிப்பார்கள், அவர்களோடு உட்காருங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாமல், யாருக்கு என்ன கஷ்டம் என்று பேசுங்கள். டியூட்டி ரோஸ்டர் போடும் சிஸ்டரிடம், மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை எனக்கு வேண்டும், பதிலுக்குத் தீபாவளி நைட்டை நான் பார்க்கிறேன் என்று பேரம் பேசலாம். வார்டுகளில் இது ரொம்ப காலமாக நடக்கிற ஏற்பாடுதான்.

கேள்வி: நான் நாத்திகன். ஆபீசில் மற்றவர்கள் பிரதோஷம், திருவண்ணாமலை கிரிவலம் என்று சேர்ந்து போகிறார்கள். நான் போவதில்லை. இப்போது டீ குடிக்கப் போகும்போதுகூட என்னைக் கூப்பிடுவதில்லை. பக்தி இல்லாதவனுக்கு வேலையில் நிம்மதி கிடைக்காதா?
– ஈரோடு வாசகர்

பதில்: கிடைக்கும். எட் டீனர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 154 நாடுகளின் கருத்துக்கணிப்பை வைத்து 2011-ல் எழுதினார்கள். வறுமையும் பசியும் அதிகமாக உள்ள நாடுகளில் மதப்பற்று உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நிம்மதியோடு இருக்கிறார்கள். ஆபத்துக்கு ஆள் இருப்பது, மரியாதை கிடைப்பது, வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருப்பது ஆகியவை வழியாகத்தான் அந்த நிம்மதி வருகிறது. வாழ்க்கை வசதி நன்றாக உள்ள நாடுகளில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நீங்கள் இழந்திருப்பது சாமியை அல்ல, 14 கிலோமீட்டர் சேர்ந்து நடக்கும்போது நடக்கிற பேச்சை. அலுவலகத்தில் பாதி விஷயம் அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது என்பது எனக்கும் தெரியும், அது உங்களுக்கு அநியாயம்தான். ஆனால் அவர்கள் வேண்டுமென்றே ஒதுக்குவதாக முதலிலேயே முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் ஒரு நாள் டீக்குக் கூப்பிடுங்கள். கிரிவலம் போய் வந்தவரிடம் கால் வலி எப்படி என்று கேளுங்கள், கேட்பதால் கொள்கை போய்விடாது. உங்கள் ஊர்க்காரர் பெரியாரும் சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் கருத்தில் எதிரெதிராக நின்றும் நண்பர்களாகத்தான் இருந்தார்கள். தொழிற்சங்கம், ரத்ததானக் குழு, கூட்டுறவு சிக்கனச் சங்கம் என்று எதிலாவது இறங்கி வேலை செய்யுங்கள். எங்கள் மில்லில் எல்லோர் வீட்டுத் துக்கத்துக்கும் முதலில் போய் நின்ற சங்கச் செயலாளர் ஒரு கறுப்புச் சட்டைக்காரர். அவரை டீக்குக் கூப்பிடாத ஆளே கிடையாது.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஆட்கள் நிற்பதில்லை, மூன்று மாதத்தில் போய்விடுகிறார்கள். தினமும் காலையில் எல்லோரையும் நிறுத்திக் கூட்டுப் பிரார்த்தனை வைத்தால் ஒற்றுமை வரும் என்று ஒரு ஆலோசகர் சொல்கிறார். செய்யலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் கூலி கொடுப்பவர் சொல்லி நிற்கும் பிரார்த்தனையில், மனசு இல்லாதவர் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த செக்கிங் பெண் அந்தப் பத்து நிமிடத்தை உறங்கக் கேட்பாள்.

ஆயுத பூஜை வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். அன்றைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைப்பதில் யாருக்கும் சங்கடம் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினை முந்தின நாளே கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுப் பூஜைக்குத் தயார் செய்தவர் ஒரு முஸ்லிம் ஃபிட்டர். பூஜை நேரத்தில் தள்ளி நிற்பார், பொரி கடலை வாங்கிக்கொள்வார். தள்ளி நிற்கிறாரே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் அவர் முந்தின நாள் அவ்வளவு ஆசையாக வேலை செய்தார்.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். தமிழ்நாட்டில் 1958-ஆம் வருடச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போக ஐந்து பண்டிகை விடுமுறை கொடுக்க வேண்டும். அந்த ஐந்து நாளை யாரிடம் கேட்டு முடிவு செய்கிறீர்கள்? உங்கள் லைனில் பீகார்ப் பிள்ளைகள் இருந்தால் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் அவர்களுக்குச் சத் பூஜை. ஒடிசாக்காரர்களுக்கு ஆனி, ஆடியில் ரத யாத்திரை. பீஸ் ரேட்டில் இருக்கும் டெய்லர் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஒரு மணி நேரம் போனால் அவருக்குக் கூலி போகும். அதைச் சாயங்காலம் ஈடுகட்ட மெஷின் ஒதுக்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தால் சர்ச்சுக்குப் போகும் பெண்கள் முதலில் வேலையில் இருப்பார்கள், ஆனால் ஊருக்குப் போனதும் திரும்பி வரமாட்டார்கள்.

அப்புறம், ஜெஃப்ரி ஜான்சன், எலன் ஹால் என்ற இருவர் ஸ்வீடன் தொழிலாளர்களை வைத்து 1988-ல் எழுதினார்கள். வேலை நெருக்கடி அதிகம், தன் வேலையில் தனக்கே முடிவெடுக்க இடமில்லை, கூட வேலை செய்பவரோடு ஒட்டுதலும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் இதய நோய் கூடுதலாக இருந்தது. பனியன் கம்பெனியில் முதல் இரண்டையும் நீங்கள் சட்டென்று மாற்ற முடியாது. மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், உட்காரப் பெஞ்சு, டெய்லரும் அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியும் சேர்ந்து உட்காரும் இடம் கொடுங்கள். ஹாஸ்டலில் ஒரு அறையை ஒழித்து விடுங்கள். யார் வேண்டுமானாலும் எந்த வழிபாடும் அங்கே செய்துகொள்ளட்டும், நீங்கள் உள்ளே போக வேண்டாம்.

கேள்வி: ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். பக்கத்து சீட்டுத் தோழி ரமலான் நோன்பு இருப்பாள். அவள் முன்னால் நான் சாப்பிடலாமா? அவளுக்கு நான் வேறு என்ன செய்யலாம்?
– ஆம்பூர் வாசகி

பதில்: சாப்பிடலாம், அவளே ஒன்றும் நினைக்கமாட்டாள். கூச்சமாக இருந்தால் அவளிடமே கேட்டுவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் நா வறளும், அந்த நேரத்தில் அவளை அதிகம் பேசவைக்க வேண்டாம். இரண்டாம் ஷிப்ட் என்றால், நோன்பு திறக்கும் நேரத்தில் பத்து நிமிடம் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெருநாள் பிறை பார்த்துத்தான் முடிவாகும் என்பதால் லீவு சொல்வதில் அவளுக்கு வருடா வருடம் தர்மசங்கடம் இருக்கும். 29-ஆம் நோன்புக்கு முன்பே உங்கள் லைன் லீடரிடம் போய், அடுத்து வரும் இரண்டு நாளில் எந்த நாள் பெருநாளானாலும் அவள் சீட்டை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவையுங்கள்.